ஏலம் போன ஆண்டிபாடி

பாறசாலை,
ஞாயிறு சாயங்காலம்.

திருவனந்தபுரத்து லேபில் செல்களோடு குடித்தனம் நடத்தும் ஜோஸ்னா அக்காவுக்குத் தம்பி நிஜின் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், உன் ஆண்டிபாடிக் குப்பியும் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். என் போன் அப்பாவின் அலமாரியில் சிறையிருப்பதால் இந்தப் பேப்பர்; இன்று ராத்திரி ரயிலில் உன் ஊருக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். காரணம் கீழே வரும்.

பூஜை லீவில் லேபில் வாங்க ஆளிருக்காது என்று கூரியரை வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னாயே, அந்த யோசனைக்கே உனக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். செல்லின் தோல் குழிந்து வெளியே கிடப்பதை உள்ளே விழுங்கும், அந்தக் குழியைச் சுற்றிக் கூடை முடைகிற புரதம் கிளாத்ரின், அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வது இந்த ஆண்டிபாடி என்று எனக்குப் பாடம் எடுத்த நீ, நம் வீட்டுக் கிளாத்ரின் அம்மாதான் என்பதை மறந்துவிட்டாய். கேட்டைத் தொட்ட எதையும் அவள் வெளியே விட்டதுண்டா? நேற்று நான் டியூஷன் விட்டு வருவதற்குள் உன் தெர்மாகோல் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு உள்ளே இழுத்து, அறுப்பின் பண்டிகைக்கு முந்தி வீட்டுக்கு வந்தது கர்த்தருக்கு என்று, பிரிக்காமலே, சேனைக்கிழங்கோடு சேர்த்துச் சபைக்குக் காணிக்கையாக அனுப்பியாயிற்று. அதில் அக்காவின் பெயர் இருந்ததே என்று கேட்டேன்.

"அவளுக்க பேருல காணிக்க போனா அவளுக்குத்தான மக்கா ஆசீர்வாதம்."

இன்று ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். ஏலம் கூறிய சத்தியராஜ் அண்ணன் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, குளிருகிறது, எனவே கேக் என்று விஞ்ஞானம் பேசினார். ஆண்டிபாடி போனால் நீ ஆராய்ச்சியில் ஆண்டி என்பதால், காலிப் பையோடு நான் கேட்டேன். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் ஏற்றிக் கேட்டது. நான் ஏற்ற, அதுவும் ஏற்ற, எட்டிப் பார்த்தால் நம் அப்பா. சொந்த வீட்டுக் காணிக்கை மலிவாகப் போனால் ராஜதாஸ் என்ற தன் பெயர் என்னாவது என்று விலையை ஏற்றிவிடுகிறாராம். கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். பயல் எதிர்க்கிறான் என்று இன்னும் ஏற்றினார். தகப்பனும் மகனும் இப்படி முட்டினால் உள்ளே பெரிதாக ஏதோ உண்டு என்று, பூவாரில் மீன் விற்கும் ஈசாக் மாமா விலையில் ஒரே தாவலாகத் தாவிப் பெட்டியை வாங்கி ஸ்கூட்டரில் பறந்துவிட்டார். சபையார் முன்னால் தகப்பனை எதிர்த்து ஏலம் கேட்ட குற்றத்துக்குத்தான் போன் பறிபோனது.

பஸ் மாறிப் பூவார் போனால், உன் பெட்டிக்குள் சாளை மீன் படுத்திருக்கிறது.

"எலே, இந்தக் கண்ணு மருந்துக்காக்கும் தவப்பனும் மவனும் மல்லுக்கு நின்னிய?" என்றார் மாமா.

குப்பியை மீன் ஐஸுக்குள் எறிந்திருந்தார். குளிர வேண்டும், உறையக் கூடாது, உறைந்தால் உன் சரக்கு செத்தது என்று நீ சொன்னது நினைவில் இருந்ததால், ஐஸைத் தோண்டி எடுத்து ஆட்டிப் பார்த்தேன். தளும்பியது. அக்கா, எனக்குக் கண்ணும் தளும்பியது. இப்போது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பின்னால், லேசான சாளை வாசனையோடு பத்திரமாக இருக்கிறது. நல்ல குளிரில் இருக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் அழுத்திச் சொல்லிவிட்டேன். நாளை விடிந்ததும் வந்து எடுத்துப் போ; என் போனுக்கும் இரண்டு வார்த்தை பரிந்து பேசு.

கர்த்தர் உன்னையும் உன் மைக்ராஸ்கோப்பையும் ஆசீர்வதிப்பாராக.

உன் நொந்த தம்பி,
நிஜின்

பி.கு.: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன். கீழ்த்தட்டில் குப்பி இல்லை. "அங்க குளிரு போராதுன்னு தோணிச்சு மக்கா, மேல ஐஸ் வைக்கியதுல வச்சிருக்கேன்" என்கிறாள் அம்மா. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். தளும்பவில்லை. நாளைக்கு நீ அவசரப்பட்டு வர வேண்டியதில்லை.