குமிழி நடுவில் நில்லாத சுவர்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவது ஒரு பொருள் நேராக நிற்கிறதென்றால், ரசமட்டம் அதைப் பார்த்துவிட்டார் என்று பொருள். கோணலாக நிற்கிறதென்றால், அவர் இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லை என்று பொருள். மூன்றாவது நிலை ஒன்று கிடையாது.

அவர் கொத்தனார். கட்டுமானத்தின் சமநிலையைச் சோதிப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும், நடுவே காற்றுக்குமிழி மிதக்கும் கருவிக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். மற்றவர்கள் அதை வேலைத்தளத்தில் விட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். இவர் அதில் சிறியது ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிவந்தார். நாளடைவில் கருவியின் பெயர் மனிதருக்கு ஏறிவிட்டது. இயற்பெயர் தேவாலயப் பதிவேட்டில் இருக்கக்கூடும். எங்கள் சிட்லபாக்கத்தில் யாருக்கும் தெரியாது.

தேநீர்க் கடைப் பலகையில் உட்காருமுன் அதன்மேல் மட்டம் வைத்துப் பார்ப்பார். ஒரு திருமணத்தில் மணமக்களை வாழ்த்த மேடையேறியவர், மணமகன் அமர்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியில் கருவியை வைத்தார். கிழக்கே கால் அங்குலம் இறக்கம். மணமகனை எழுப்பி, அழைப்பிதழை நான்காக மடித்து நாற்காலியின் காலுக்கு அடியில் செருகி, மறுபடி உட்காரவைத்த பிறகுதான் வாழ்த்தினார். என் வீட்டு மொட்டைமாடிக் கசிவைப் பார்க்க ஒருமுறை வந்தார். கூடத்தில் மாட்டியிருந்த நாள்காட்டியை நிமிர்த்திவிட்டு, மனநிறைவோடு போய்விட்டார். கசிவு அடுத்த மழையிலும் தொடர்ந்தது.

எதையும் திருத்துவதற்கு முன், இருந்த குறையை அளந்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அவருடைய தொழில் ஒழுங்கு. எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“இன்னா தப்புன்னு எய்தி வெக்காம சரி பண்ணா, சரியாயிட்ச்சின்னு எப்டி சார் தெரியும்?” என்றார். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த நான் அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஈஸ்டர்தான் நான் சொல்லவந்தது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மெர்சி டீச்சர் பக்கத்துத் தெருத் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்திவந்தார். நான்கு வயது முதல் ஆறு வயது வரையிலான பதின்மூன்று பிள்ளைகள். ஈஸ்டர் காலையில் பெற்றோர் வரும்போது, பிள்ளைகள் தம் கையால் செய்த அலங்காரம் தேவாலயக் கூடத்துச் சுவர் முழுவதும் இருக்கவேண்டும் என்பது அவர் திட்டம். ‘உயிர்த்தெழுந்தார்’ என்னும் சொல்லின் ஒன்பது எழுத்துகளையும் வண்ணத்தாளில் வெட்டித்தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அந்தச் சமயத்தவன் அல்லேன்; ஆயினும் எழுத்து என்று கேட்டுவந்தவரை மறுத்துப் பழக்கமில்லை.

அந்தச் சுவரை ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் புதிதாகப் பூசி, வண்ணம் அடித்தவர் ரசமட்டம். ஆகவே சனிக்கிழமை காலை, அழைக்காமலே வந்து வாசலில் நின்றார். ஆணி கூடாது, ஒட்டுநாடா கூடாது, இரண்டும் சுவரின் தோலை உரித்துவிடும் என்றார். மைதா மாவைத் தாமே காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். சுவரொட்டி ஒட்டுபவர்கள் அதில் மயில்துத்த நஞ்சு கலப்பார்களே என்று ஒரு தாய் தயங்கியபோது, பசையில் விரலை விட்டு எல்லோர் முன்னும் நக்கிக் காட்டினார். உப்பில்லை என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார்.

பிள்ளைகள் வேலையைத் தொடங்கினர். தாளில் உள்ளங்கையை வைத்து வரைந்து, வெட்டி, விரல்களைப் பென்சிலில் சுருட்டியெடுத்தால் லில்லி மலர். சாயம் தோய்த்த முட்டை ஓட்டுத் துண்டுகளை அட்டையில் ஒட்டினால் சிலுவை. காகிதத் தட்டைப் பாதியாக வெட்டினால் கல்லறை. அதன் வாயிலில் ஊசி குத்திய வட்ட அட்டைதான் உருளும் கல். முந்திய வாரக் குருத்தோலை ஞாயிற்றில் மிஞ்சிய ஓலைகள் ஓரக்கரை ஆயின. ஸ்டெஃபி என்ற ஐந்து வயதுச் சிறுமி மெல்லிய தாளில் மையைத் தண்ணீரால் பரவவிட்டு, நடுவில் துணிமாட்டும் கிளிப்பைக் கவ்வவைத்துப் பட்டாம்பூச்சி செய்தாள். அவளுடைய தாய் செவிலியர். இரவுப் பணி முடிந்து நேராக ஆராதனைக்கு வருவார். வந்ததும் அதைத் தானே தொட்டுக் காட்டப்போவதாக அவள் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அறிவித்தாள்.

ரசமட்டம் பட்ட பாட்டை என்னென்பது! மலர்கள் கைக்கு எட்டிய இடத்தில் ஏறின. கல்லறை ஒருபுறம் சரிந்தது. பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி ஒன்று தலைகீழாகப் போயிற்று. ஒட்டிய பிள்ளையைக் கேட்டால் அது தூங்குகிறது என்றது. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

“சார், உங்க ‘ழு’வோட காலு கோட்டுக்குக் கீய எறங்கிகினு கீது. லேசா வெட்டிர்லாமா?”

அது எழுத்தின் இயல்பு என்றேன். உயிர்த்தெழுதலைக் குறிக்கும் சொல்லையே வெட்டிக் கொல்வது முறையன்று என்றும் சொன்னேன். வருத்தத்தோடு அதையும் எழுதிக்கொண்டார். நண்பகலில் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். கூடத்தின் சாவி அவரிடம் இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

மறுநாள் காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தால், சுவர் முழுவதும் ஒரே நேர்க்கோடு. பதின்மூன்று வேலைப்பாடுகளும் தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில், ஒரே இடைவெளியில், அணிவகுப்பில் நிற்கும் காவலர்போல் நின்றன. ஆட்டுக்குட்டி விழித்துக்கொண்டிருந்தது. என் ‘ழு’வின் கால் பின்புறமாக மடிக்கப்பட்டிருந்தது. ரசமட்டம் பாராட்டை எதிர்பார்த்து, புதுச்சட்டையில் ஓரமாக நின்றிருந்தார்.

“அங்கிள், பாக்கறதுக்கு பேங்க் மாதிரி இருக்கு” என்றார் மெர்சி, மெல்ல.

பிள்ளைகள் தம் வேலையை அடையாளம் காணாமல் அங்குமிங்கும் அலைந்தனர். ஸ்டெஃபி மட்டும் நேற்று ஒட்டிய இடத்துக்குப் போய் வெறும் சுவரைத் தடவினாள். பட்டாம்பூச்சி மேலே இருக்கிறது பார் என்று ரசமட்டமே காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். கையைத் தூக்கினாள். நுனிக்காலில் நின்றாள்.

“அது என்னோடது இல்ல. என்னோடது எனக்கு எட்டும்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மிட்டாய் வாங்கித் தந்திருப்பார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரைக்கு அவள் அம்மா வந்துவிடுவார்.

“மெர்சிம்மா, ஈரத்துணி குடு” என்றவர், சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து என் கையில் வைத்தார். “சார், நீங்க படிங்க. என் கையில பசை.”

படித்தேன். முப்பது ஆண்டுகள் வகுப்பில் உரக்கப் படித்தவன், அன்றுபோல் கவனமாக எதையும் படித்ததில்லை. லில்லி, மூன்றாவது: வலப்புறம் ஓரங்குலச் சரிவு. கல்லறை: இடப்பக்கம் அரை அங்குலம் இறக்கம். ஆடு: தலைகீழ், தூங்குதாம். அவர் ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் இளக்கி எடுத்து, மட்டம் வைத்து, குமிழி எந்த ஓரத்துக்குப் போகவேண்டுமோ அந்த ஓரத்துக்கு ஓடும்வரை சாய்த்து, மீண்டும் ஒட்டினார். நேர்ப்படுத்துவதைவிடக் கோணலாக்குவது கடினம் போலும்; நெற்றி வியர்த்திருந்தது. என் ‘ழு’வின் காலை அவராகவே நீட்டிவிட்டார்.

பட்டாம்பூச்சி கடைசி. “தரையிலிருந்து இரண்டடி ஒன்பது அங்குலம். வலச்சிறகு முக்கால் அங்குலம் கீழே” என்று படித்தேன். மண்டியிட்டு ஒட்டினார். மட்டத்தை வைத்தார். குமிழி கண்ணாடியின் கோடியில் போய் முட்டி நின்றது.

எட்டரைக்குச் செவிலியர் வந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. ஸ்டெஃபி அவர் விரலைப் பிடித்து இழுத்துப்போய், சுவரில் கையை வைத்தாள். எட்டியது. ரசமட்டம் பின்னால் நின்று, அந்தப் பெரும் கோணலை வெகுநேரம் பார்த்தார்.

“கரீட்டா கீது” என்றார்.

இப்போது அவர் சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த ஊர் நேராகிவருகிறது என்று கேள்வி. இந்த ஆண்டு நாள்காட்டியை நானேதான் மாட்டினேன். இடப்பக்கம் இறங்கியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. நிமிர்த்த ஒரு விரல் போதும். அவர் ஒருநாள் வந்து எழுதிக்கொள்ளட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.