ஊர் பொறுக்கி

ஊர் பொறுக்கி என்று ஓர் இனம் உண்டு. திட்டுவதாக நினைக்க வேண்டாம், தொழிலைத்தான் சொல்கிறேன். அரிசியில் கல் பொறுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் உலகப் படத்தையே முறத்தில் கொட்டிக்கொண்டு ஊர் பொறுக்குகிறவர். குளிர்கிற ஊர், கொதிக்கிற ஊர், மலைமேல் தொங்குவது, கடலோரம் கிடப்பது, பூமி ஆடுவது, ஜனங்கள் அதிகமாகச் சிரிப்பது, சிரிக்கவே சிரிக்காதது என்று ஒவ்வொன்றாக எடுத்து எறிந்து முடிக்கும்போது முறத்தில் ஒன்றும் இருக்காது. ஆளும் இடத்தைவிட்டு அசைந்திருக்க மாட்டார்.

எங்கள் மரகைபோவில் இந்த இனம் ஏராளம். ஏன் இருக்காது? கரண்ட் வந்து மின்விசிறி சுற்றினால் தெருவே கைதட்டுகிற காலம். பாதித் தெரு பஸ் ஏறி நாட்டைவிட்டே போய்விட்டது. மீதித் தெரு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறது. அந்த மீதித் தெருவுக்குத் தலைவர் அர்செனியோ வியாஸ்மில். காப்பீட்டு ஆபீஸில் இருந்தவர். ஆபீஸ் மூடியதிலிருந்து முழுநேரமும் இதுதான் வேலை. எல்லைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வயிற்றுக்கோளாறோடு திரும்பியதே அவருடைய அதிகபட்ச வெளிநாட்டு அனுபவம். ஆனால் மூலையில் சோமாசி மாதிரி எம்பனாடா பொரிக்கிற கடையில் வந்து உட்கார்ந்துவிட்டாரானால் ஒரு கண்டம் தப்பாது.

"பொகோட்டாவா? குளிர்ல எலும்பு சுருங்கிடும். கீட்டோவா? மாடி ஏறினா மூச்சு கீழ்ப்படியிலயே நின்னுடும். சாந்தியாகோ ஆடுற ஊரு. காபிய கப்புல ஊத்தி சட்டையில குடிக்கணும்."

இதோடு நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் தெரு பைக் மெக்கானிக் ரிக்ஸியோ ஒருநாள் கடைக்கு வந்தான். மனைவி மாசமாக இருந்தாள். லிமாவில் மச்சான் ஒரு பட்டறையில் வேலை பேசி வைத்திருந்தான். ரிக்ஸியோ விடைபெற வந்தானே தவிர யோசனை கேட்க வரவில்லை. ஊர் பொறுக்கிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

"லிமாவா தம்பி? அங்க வானமே கழுவாத அலுமினியச் சட்டி. ஒரே ஈரம். பொறக்கப்போற குழந்தைக்கு இளைப்பு வந்தா யாரு பொறுப்பு?"

"அங்க மச்சான் இருக்கான் அண்ணே. வேலையும் இருக்கு."

"வேலை எங்கயும் கெடைக்கும். நுரையீரல் கெடைக்குமா? குவெங்காவுக்குப் போ. காத்து அவ்வளவு சுத்தம்."

மனைவி பயந்துவிட்டாள், போனார்கள். குவெங்காவில் காற்று சுத்தம்தான். அதைத் தவிர அங்கே அவர்களுக்கு யாரும் இல்லை. பஸ் நிலைய பெஞ்சில் படுத்து, யாரோ ஒரு பாதிரியார் கொடுத்த சூப்பைக் குடித்து, கடைசியில் லிமாவுக்கே போய்ச் சேர்ந்தபோது பட்டறையில் வேறொருவன் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டிருந்தான். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, அதே ஈரத்தில். ரிக்ஸியோ இப்போது அந்தப் பட்டறை வாசலில் டயருக்குக் காற்றடிக்கிறான்.

செய்தி வந்ததும் கடையில் எல்லோரும் அர்செனியோவைப் பார்த்தோம். வெட்கப்பட்டாரா? எம்பனாடாவைக் கடித்தார். "நான் ஊரைத்தான் சொன்னேன். மழைக்காலத்துல போகச் சொன்னேனா?"

அவர் மனைவி யஹைரா பல்செட் செய்கிறவள். வீட்டில் அடுப்பு எரிந்தது அவளால்தான். மகள் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் போய், அறிவியல் டீச்சர் போய், மணியடிக்கிறவர் மட்டும் மிஞ்சியபோது அவள் பஸ்ஸுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு வந்து சொன்னாள். "சனிக்கிழமை கெளம்புறோம்."

"எந்த ஊருக்கு?"

"லிமா. என் சித்தி பொண்ணு வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு."

"யஹைரா, லிமாவப் பத்தி நான் எவ்வளவோ விசாரிச்சு..."

"எல்லா ஊர்லயும் ஜனங்களுக்குப் பல்லு விழுது அர்செனியோ. எனக்கு அது போதும்."

சனிக்கிழமை பெட்டி தூக்க நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். மனுஷன் ஏறிவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு காலைப் படியில் வைத்தார். எடுத்தார். "நீங்க முன்னாடி போங்க. நான் இன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டு வரேன்."

ஜன்னலிலிருந்து மகள் கேட்டாள். "யார்கிட்டப்பா விசாரிப்ப? இனி அங்க நாங்கதான இருப்போம்?"

அவர் ஜன்னலை எட்டிப் பிடித்தார். ஆனால் வாயிலிருந்து வந்தது என்ன? "இடது பக்கம் மாறி உக்காரு கண்ணு. இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்." பஸ் நகர்ந்தது. அவருடைய இடத்தில் அவர்கள் பையை வைத்துக்கொண்டார்கள்.

சில வாரம் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு வந்தார், இளைத்திருந்தார். எங்கள் முன்னால்தான் யஹைராவின் அழைப்பு வந்தது. தனி வீடு பார்த்தாயிற்றாம், மகள் பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம், கிளம்பி வரச் சொன்னாள்.

"எத்தனாவது மாடி?" என்றார்.

"ரெண்டு."

"ஜன்னல் மேற்க பாத்தா, தெற்க பாத்தா?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அவர் எங்கள் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். "லிமா மோசமில்ல. எந்தப் பேட்டைங்கறதுதான் விஷயம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு நாடு விட்டுப் போகும் அவசியமில்லை, இருக்கட்டும். வாங்கப்போகிற வீடோ, மாறப்போகிற வேலையோ, பெண்ணுக்குப் பார்க்கிற வரனோ ஒன்று உங்கள் முறத்திலும் கிடக்கும். நன்றாகப் புடையுங்கள், அவசரமில்லை. உள்ளே யாராவது சத்தமில்லாமல் பெட்டிக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.