வாட்டம் பிடித்த வீடு

மார்கழி பிறந்ததும் சிட்லபாக்கத்து லேக் வியூ அடுக்ககத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ரேஷன் கடையில் நின்றாலும் தண்ணீர் லாரிக்கு நின்றாலும் நம் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே நிற்பார்கள். இங்கே முகம் மலர நின்றார்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில். சேலையூரிலிருந்து வந்தார்கள், செம்பாக்கத்திலிருந்து வந்தார்கள், குரோம்பேட்டையிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிற எனக்கு ஒதுங்கி வழி விட மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. லிஃப்ட்டா? அது பில்டர் கொடுத்த படத்தில் இருக்கிறது.

லேக் வியூ என்பதும் அப்படித்தான். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போய் எக்கிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சிரமம் இல்லை. ஏரியே நம்மைப் பார்க்க வாசலுக்கு வந்துவிடும்.

கூட்டம் ஏரிக்காக வரவில்லை. வாஸ்து சித்தர் துளசிங்கத்துக்காக வந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர் என்று இருப்பது போல, துளசிங்க சாமி கர்ப்ப வாஸ்துவுக்குத் தனி டாக்டர். புது வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் கூப்பிட வேண்டிய ஆள். காவி வேட்டி, கழுத்தில் ஸ்படிக மாலை, இடுப்பில் இரண்டு செல்போன். ஒன்று பூலோகத்துக்கு, இன்னொன்று மேலே பேசுவதற்காக இருக்கலாம்.

அவர் வைத்தியம் இதுதான். ஹாலுக்கு நடுவில் உட்காருவார். கண்ணை மூடுவார். எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துக் கையை எடுப்பார். பழம் சிறிது நேரம் யோசிக்கும். பிறகு யாரும் தொடாமல், யாரும் ஊதாமல், மெல்ல உருண்டு கன்னி மூலைப் பக்கம் போய் பால்கனி வாசலில் நிற்கும்.

"இழுக்குது பார்த்தீங்களா? இந்த மனைக்கு வாட்டம் இருக்கிறது. உள்ளே இருக்கிற உயிரை வாட்டும். வயிற்றில் இருக்கிற உயிரை முதலில் வாட்டும்."

கூட்டத்துக்கு மயிர்க்கூச்செறியும். கீழ் வீட்டில் பழம் உருண்டது. முதல் மாடியில் உருண்டது. இரண்டாம் மாடியிலும் உருண்டது. எல்லா வீட்டிலும் பால்கனிப் பக்கமே ஏன் உருள்கிறது என்று ஒருவராவது கேட்டாரா என்றால், கேட்டார்கள். "ஒரே பேய்தான், பில்டிங் முழுக்கச் சுத்தறது" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். பேய்க்கு லிஃப்ட் வேண்டாம் போலிருக்கிறது.

மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் ஜெயகிருஷ்ணனும் அவன் மனைவி ஸஹானாவும். ஸஹானாவுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. மாமியார் பாலாம்பாள் பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தார். மார்கழி பிறப்பதற்குள் பாலைக் காய்ச்சிவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்து வந்த குடித்தனம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். அதனால் கடிகாரம் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து மணி காட்டியது. படத்துப் பெருமாள் அரிசி டின் மேல் எழுந்தருளியிருந்தார். கொசுவலை கட்ட இடமில்லாமல் ஸஹானா கொசுவோடுதான் தூங்கினாள். கொசுவுக்கு மட்டும் கர்ப்ப தோஷம் எதுவும் கிடையாது.

பாலாம்பாளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. குரோம்பேட்டை வாடகை வீட்டில் இருந்தபோது ஸஹானாவுக்கு முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகையை அந்த அம்மாள் மறக்கவில்லை. பயந்த மனசு கதவைத் திறந்தே வைத்திருக்கும். துளசிங்கம் போன்றவர்கள் காலிங் பெல் கூட அடிக்க வேண்டியதில்லை.

சாமி வந்தார். பழம் உருண்டது. பாலாம்பாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயகிருஷ்ணன் படித்தவன். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. எதையும் விசாரிக்காமல் நம்ப மாட்டான். அதனால் பில்டரின் சூப்பர்வைசர் ஏசுபாதத்துக்குப் போன் போட்டு விசாரித்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏசுபாதம், எங்க வீட்டுல வாட்டம் இருக்கா?"

"கீது சார்."

"என்னய்யா இவ்வளவு சாதாரணமா சொல்ற? தெரிஞ்சேவா வித்தீங்க?"

"இன்னா சார் இப்டி கேக்குறே? வாட்டம் இல்லாத வூட்ட எவன் சார் கட்டுவான்? ஒவ்வொரு வூட்டுக்கும் நானே கூட நின்னு பார்த்து குடுத்திருக்கேன். உன் வூட்டுக்குக் கொஞ்சம் தூக்கலாவே குடுத்திருக்கேன் சார்."

ஜெயகிருஷ்ணன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனை வைத்தான். பில்டரின் ஆளே ஒப்புக்கொண்டுவிட்டான்! அதுவும் இவர்கள் வீட்டுக்கு வாட்டம் தூக்கல்! படி முழுக்கச் செய்தி பரவியது. துளசிங்க சாமி கண்ணைத் திறக்காமலே புன்னகை செய்தார். போன் போடாமல் அவர் முன்பே சொன்னவர் ஆயிற்றே.

பரிகாரம் ஆரம்பமாயிற்று. வாசல் நிலைக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் கயிறு. பிள்ளைத்தாய்ச்சி அதைத் தாண்டக் கூடாது, அடியில் நுழையவும் கூடாது. தை பிறக்கும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சாமி தினமும் வந்து கயிறு மாற்றுவார். மாற்றியதும் ஹால் நடுவே ஒரு சந்தனப் பொட்டு வைத்து அதன் மேல் பழத்தை வைப்பார். பழம் அசையாது. "இன்றைக்குக் கட்டிவிட்டேன். நாளைக்கு மறுபடி அவிழும்" என்பார். தாம்பாளத்தில் ஒரு கவர் ஏறும். மற்றவர்கள் எல்லாரும் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்வந்தார்கள். தோளில் கேனோடு நானும் குனிந்தேன். என் முதுகுக்குப் பரிகாரம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஸஹானாவுக்குத் தலைவலி வந்தது. காலில் மெட்டி இறுகும் அளவுக்கு வீக்கம். முந்தின பரிசோதனையிலேயே டாக்டரம்மா, "பிரஷர் ஏறுது. தலை வலிச்சாலோ கண் மங்கினாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காம வந்துடணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். தலையைப் பிளக்கறது."

"சாமிகிட்ட கேட்டுட்டேன்டி. வாட்டம் இறங்கறச்சே தலை வலிக்குமாம். பொறுத்துக்கோ."

"டாக்டர் வேற சொல்றாளே?"

"டாக்டர் போன தடவையும்தான் இருந்தா. என்ன ஆச்சு? கயித்தைத் தாண்டி ஏதாவது ஆயிடுத்துன்னா நான் எப்படிடி தாங்குவேன்?"

ஜெயகிருஷ்ணன் அம்மா முகத்தைப் பார்த்தான். மனைவி முகத்தைப் பார்த்தான். பிறகு சோபாவில் கிடந்த கடிகாரத்தைப் பார்த்தான். சாமி நாளைக் காலை வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்றான்.

மறுநாள் காலை ஸஹானா மாத்திரை போடத் தண்ணீர் எடுத்தாள். கண்ணில் பூச்சி பறந்தது போலிருந்தது. டம்ளர் கை தவறி ஹாலில் விழுந்தது. தண்ணீர் கொட்டியது. கொட்டிய தண்ணீர் அங்கேயே நிற்கவில்லை. நீளமாக ஒரு வால் பிடித்து, ஹாலைக் கடந்து, பால்கனி வாசலுக்குப் போய், மூலையில் இருந்த ஓட்டையில் இறங்கியது. எலுமிச்சம்பழம் போன அதே தடம்.

அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்தாள். அப்புறம் எதிர்வீட்டு மெஹ்னாஸைக் கூப்பிட்டாள். குரோம்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அக்தரின் மனைவி அவள். கீழே அடுக்ககத்து வாசலில் அவர்களுடைய ஆம்னி வேன் நிற்கும்.

"மெஹ்னாஸ், வேனை எடுக்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி ஒரு பக்கெட் தண்ணி கொண்டு வா."

"தண்ணி எதுக்குக்கா?"

"நான் கத்தினா யாரும் கேக்க மாட்டா. தண்ணி சொன்னா கேப்பா."

துளசிங்க சாமி வந்தார். பின்னால் படி நிறைய ஜனம். கயிறு மாறியது. சந்தனப் பொட்டு விழுந்தது. பழம் அதன் மேல் உட்கார்ந்தது. அசையவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஸஹானா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். குனிய முடியாது அவளால். மெல்ல உட்கார்ந்து பழத்தை எடுத்தாள். பழத்தின் அடியில் சந்தனம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள். பொட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் பழத்தை வைத்துக் கையை எடுத்தாள்.

பழம் உருண்டோடிப் பால்கனிக்குப் போயிற்று.

"சந்தனம் கட்டினதா, நீங்க கட்டினேளா சாமி?"

சாமி அசரவில்லை. "கர்ப்பிணி கை பட்டுவிட்டது. கட்டு அவிழ்ந்தது. இனி நடப்பதற்கு நான் பொறுப்பில்லை!"

பாலாம்பாள் "ஐயோ" என்றார். கூட்டம் ஒரு படி பின்வாங்கியது. பொறுப்பில்லை என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்குப் பக்தி கூடிவிடும்.

"சரி, நான் எதையும் தொடலை. மெஹ்னாஸ், ஊத்து."

மெஹ்னாஸ் பக்கெட்டைச் சாய்த்தாள். தண்ணீர் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து, சாமியின் காவி வேட்டியை நனைத்து, ஒரு தப்பும் செய்யாமல் பால்கனி ஓட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் சந்தனப் பொட்டையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

"தண்ணியையும் பேய்தான் இழுக்குதா சாமி?" என்று மெஹ்னாஸ் கேட்டாள். "அப்ப எங்க வீட்டுப் பேய் ரொம்ப நல்ல பேய். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி விட்டா, துடைப்பமே வேணாம், அதுவே தள்ளிக்கினு போயிடுது."

யாரோ ஒருவர் சிரித்தார். சாமி இருமினார்.

ஸஹானா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஜெய், அந்த ஏசுபாதத்துக்குத் திரும்பப் போன் போடு. அன்னிக்கு நீ கேக்காம விட்ட கேள்வியைக் கேளு. வாட்டம்னா என்னன்னு கேளு."

ஸ்பீக்கரில் ஏசுபாதத்தின் குரல் ஹால் முழுக்க ஒலித்தது.

"இன்னா சார், காலைலயே கலாய்க்கிறியா? வாட்டம்னா வாட்டம்தான். தண்ணி நிக்காம ஓடுறதுக்கு தரையில சரிவு குடுப்போம் சார். அதுதான் வாட்டம். உன் ஹால் நீளம், அதான் கொஞ்சம் தூக்கலா குடுத்தோம். இன்னா, தண்ணி நிக்குதா?"

தண்ணீர் நிற்கவில்லை. நின்றது கூட்டம்தான், வாயைத் திறந்துகொண்டு. கம்ப்யூட்டர் கம்பெனியின் பெரிய வேலைக்காரன் போனை அணைத்துவிட்டுத் தன் கால் விரல்களை எண்ணுவது போல நின்றான்.

துளசிங்க சாமியின் தமிழ் திடீரென்று மலையிலிருந்து இறங்கி மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. "இன்னாம்மா, வந்த எடத்துல சும்மா பேஜார் பண்ணிக்கினு? நானா வந்தேன்? நீங்க கூப்ட்டீங்க, வந்தேன்! நம்பறவன் இருக்கிறான், சொல்றேன்!"

சாமி அவதாரம் எடுத்த நாளிலிருந்து சொன்ன ஒரே உண்மை அதுதான். சொல்லிவிட்டு, தானே கட்டிய கயிற்றுக்கு அடியில் குனிந்து, படியிறங்கிப் போனார். கவரை மறக்கவில்லை.

ஸஹானா வாசலுக்குப் போனாள். பாலாம்பாளும் பின்னாலேயே போனார். கயிற்றுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குக் கண் மங்கறது. இதைத் தாண்டினா பயம்னேள். தாண்டாம இங்கயே விழுந்துட்டா?"

பாலாம்பாள் முடிச்சில் கையை வைத்தார். அது அவிழவில்லை. ஒரே இழுப்பு, கயிறு அறுந்தது. "நட, நட, பார்த்து நட" என்று மருமகளின் தோளை அணைத்துக்கொண்டு இறங்கினார். மெஹ்னாஸ் முன்னால் ஓடினாள். கூட்டம் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒதுங்கி வழி விட்டது.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது ஸஹானாவின் பிரஷர் ஏறக்கூடாத இடத்துக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை; நேராக உள்ளே கொண்டுபோனாள். அன்று மாலை பெண் குழந்தை. எடை குறைச்சல், குரல் நிறைய. தாயும் பிழைத்தாள்.

வெளியே வந்த டாக்டரம்மா ஜெயகிருஷ்ணனை நிற்க வைத்துக் கேட்டாள். "தலைவலி நேத்தே வந்திருக்கு. ஏன் நேத்தே வரலை? வலிப்பு வந்திருந்தா ரெண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது. என்ன யோசிச்சீங்க?"

அவன் என்ன சொல்வான்? யோசித்திருந்தால் அல்லவா சொல்லலாம்.

துளசிங்கம் லேக் வியூ பக்கம் பிறகு வரவில்லை. காட்டாங்குளத்தூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு 'அரியர் வாஸ்து' பார்க்கிறார் என்று கேள்வி. கூட்டம் அங்கேயும் குறைவில்லையாம்.

லேக் வியூ ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மூன்றாம் நாளே இரண்டு அம்மாக்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் அங்கே கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பார்த்தார்கள், கொஞ்சினார்கள். பிறகு ஒருத்தி பாலாம்பாள் காதோரம் குனிந்தாள்.

"மாமி, மார்கழியில பொண்ணு பொறந்திருக்கு. குடும்பத்துக்கு ஆகுமான்னு ஒரு தடவை கேட்டுடுங்கோ. சேலையூர்ல ஒருத்தர் இருக்கார். நம்ம துளசிங்கம் மாதிரி டூப்ளிகேட் இல்லை, இவர் ஒரிஜினல்."

பாலாம்பாள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நானும் கேட்டேன் மாமி. கேட்டதை அப்படியே கேட்டு உட்கார்ந்திருந்தா, தை பொறந்திருக்கும். இது பொறந்திருக்காது."

வந்தவள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் எழுந்து போகிறபோது, "எதுக்கும் நல்ல நேரம் பார்த்து யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

யோசிப்பதற்கு எதற்கம்மா நல்ல நேரம்? ராகு காலத்திலும் யோசிக்கலாம், எமகண்டத்திலும் யோசிக்கலாம். ஒன்றும் ஆகாது.