சாவியைக் கேட்காதே, ஜனலீ

அன்பு மகள் ஜனலீக்கு,

அப்பா எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? அம்மா இன்னும் உன் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள்.

"இன்னொரு தடவை மணல்ல மாட்டினீங்கன்னா ட்ரக் சாவி என் கைக்கு வந்துடணும்ப்பா" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எஸ்கலான்டே ஊரே கேட்கச் சொன்னாயே, அன்றிலிருந்து சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். சாவி போனால் நானும் டிவிக்கு எதிரே கிடக்கும் இன்னொரு நாற்காலிதான். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அதனால்தான் நீ போட்ட சட்டங்களை ஒன்றுவிடாமல் மதித்து, மலையேற்றக்காரர்கள் நடக்கும் பாதைக்குப் போகும் மண்ரோட்டில் இன்று வண்டியை இறக்கினேன். எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று பக்கத்து வீட்டு லவாரிடம் சொன்னேன். இருட்டுவதற்குள் வராவிட்டால் ஷெரீப்புக்குப் போன் போடுவது அவன் பொறுப்பு. "கவலைய விடுய்யா வில்ஃபோர்டு, நான் இருக்கேன்ல" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னான். சொன்னவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நானும் வரேனே, வீட்ல போரடிக்குது" என்று ஏறிக்கொண்டான்.

வந்தவன் சும்மா வந்தானா? கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லோ ஜெல்லி ஒரு பெரிய பாத்திரம், அதற்கு ஒரு ஐஸ் பெட்டி. பெட்டிக்கு இடம் வேண்டுமென்று, நீ எப்போதும் வண்டியில் வைக்கச் சொன்ன மண்வெட்டியையும் காற்றுப் பம்பையும் இறக்கி வைத்துவிட்டான். நான் விடுவேனா? சண்டை போட்டேன். "மண்வெட்டியத் திங்க முடியுமாய்யா?" என்று கேட்டான். கடைசியில் பெட்டிதான் வண்டியில் ஏறியது. மேடு பள்ளத்தில் வண்டி ஆடின ஆட்டத்தில் ஜெல்லோ பாதி என் மடியில். மெதுவாத்தான் போனேன், ஆமை எங்களத் தாண்டிப் போயிருக்கும். மணல் வந்ததும் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னியே, அதையும் செஞ்சோம். லவார் அளவு பார்க்க மாட்டானாம், காதால கேட்டே சொல்லிடுவானாம். அவன் காது லட்சணம்தான் உனக்குத் தெரியுமே, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு அவன் பக்கத்து டயர் ரெண்டையும் தோசையாக்கிட்டான். அதனால் என்ன, பிரமாதமான நிழலில் உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, மிச்ச ஜெல்லோவைச் சாப்பிட்டபடி நிம்மதியாக இதை எழுதுகிறேன். உன் அப்பா இன்னும் வண்டி ஓட்டத் தெரிந்தவன்தான் என்று மாப்பிள்ளையிடமும் சொல்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ ஆண்டவன் துணையிருப்பார்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா வில்ஃபோர்டு

பி.கு.: நிழல் என்றேனே, அது நம் வண்டியின் நிழல். வண்டி அச்சு வரை மணலில் புதைந்து கிடக்கிறது. இருட்டினால் ஷெரீப் வருவார் என்று காத்திருந்தோம். போன் போட வேண்டியவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனை நக்கிக்கொண்டிருக்கிறான் என்பது இப்போதுதான் உறைத்தது. மலைப்பாதையில் நடந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு தம்பதி எங்களையும் தங்கள் வண்டியில் ஏறச் சொன்னார்கள். "வண்டிய விட்டு எங்கயும் போகாதீங்கப்பா" என்ற உன் சட்டத்தை மீற மனம் வராமல் இந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். மண்வெட்டி, பம்ப், எனக்கு ஒரு மாற்றுப் பேன்ட் கொண்டு வா. சாவி வண்டியிலேயே இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்.