ஜீவராஜின் களிமண் பீப்பாய்

"பத்து மணிக்கு அதிகாரி வந்துருவாரு. இது என்னடான்னா செவப்பா ஊத்துது!"

ஹட்டனில் பெட்டரிக் கடை வைத்திருக்கும் ஜீவராஜ், கடைக்குப் பின்னால் நின்று பீப்பாயைத் திட்டிக்கொண்டிருந்தான். பழைய பெட்டரி கழுவுகிற தண்ணீரிலுள்ள ஈயத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு, கந்தப்பளைக் களிமண்ணை உருண்டை பிடித்துச் சுட்டு, பீப்பாய் நிறையப் போட்டிருந்தான். பீப்பாயிலிருந்து வெளியே வரும் தண்ணீரை அதிகாரி இன்று பரிசோதனைக்கு எடுத்துப்போவார். அதில் ஈயம் இருந்தால் கடைக்கு சீல்தான். போதாக்குறைக்கு, அந்தத் தண்ணீர் வடிகிற கீழ்ப்பக்கம் லீக்ஸ் காய்கறித் தோட்டம் வேறு.

"மண்ணு பத்தலையோ தம்பி?" என்றாள் காளியாயி. கடையைக் கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் அவள்தான்.

இன்னும் இரண்டு வாளி உருண்டை கொட்டினான். வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோயிற்று. கம்பியை விட்டுக் குத்தினான். குழாய் கழன்று, தலையிலிருந்து கால்வரை செம்மண் குளியல். ஒருவழியாகக் குழாயைத் திருப்பி மாட்டினான்.

"இந்தச் சனியன் இனி தேறாது."

மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் ஒரு போத்தல் நல்ல தண்ணீர் பிடித்து, அடுப்படித் தட்டில் வைத்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடை போனால் சோறு போய்விடுமே!

மழையோடு மழையாக வந்து சேர்ந்தார் அதிகாரி ஸஃப்வான்.

"பின்னுக்கு அட்டை இருக்கா?"

"கால்ல கொத்துக் கொத்தா ஏறி ரத்தம் குடிக்கும் சேர்!"

"அப்ப நீங்களே தண்ணிய புடிச்சிக்கொண்டு வாங்க."

அவர் தேத்தண்ணி குடித்து முடித்ததும், அடுப்படிப் போத்தலைக் கொண்டுவந்து பவ்வியமாக நீட்டினான் ஜீவராஜ்.

இரண்டு வாரம் கழித்து, வாயெல்லாம் பல்லாக ஸஃப்வான் திரும்பி வந்தார்.

"உங்கட தண்ணியில ஈயம் பேருக்கும் இல்ல! நாளையிலருந்து நோர்வூட், டயகம பெட்டரிக் கடைகளுட கழிவுத் தண்ணியும் உங்கட பீப்பாய்க்குத்தான் வரும். கடிதம் அனுப்பியாச்சு."

ஜீவராஜ் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். மூன்று ஊர் ஈயமும் லீக்ஸ் தோட்டத்தில் இறங்கினால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"சேர், மன்னிச்சிருங்க. அது பீலித் தண்ணி. பீப்பாய்த் தண்ணின்னு பொய் சொல்லிக் குடுத்துட்டேன்."

ஸஃப்வானின் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிற்று. பையிலிருந்து சீல் வைக்கும் தாளை எடுத்துக் கடையின் பெயரை எழுதத் தொடங்கினார். ஜீவராஜ் சாவிக்கொத்தை மேசையில் வைத்தான்.

பேச்சைக் கேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த காளியாயி பதறிப்போனாள்.

"அய்யய்யோ தம்பி, அன்னைக்கு மழையில பீலி வரைக்கும் போவ முடியாம, போத்தல்ல இருந்த பீலித் தண்ணியிலதான் சேருக்குத் தேத்தண்ணி ஊத்துனேன், வெறும் போத்தலா இருக்கேன்னு ஒங்க பீப்பாயில தெளிஞ்சு வந்ததத்தான் புடிச்சி வச்சேன்!"