ஐந்து வாரமாகப் பூஜ்யம்

"இன்னிக்கும் பூஜ்யம்!"

ரஞ்சிதம் கைப்பேசியை மேசையில் வைத்த வேகத்தில் எதிரே இருந்த சங்கத் தலைவரின் தே தாரிக் தேநீர் தளும்பியது.

அவள் ஜூரோங்கில் நீர்ப் பொறியாளர். அங்கே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தமிழர் சங்கத்துக்காக, கடல் தாண்டி ராமநாதபுரம் பக்கம் மேலப்பொட்டல் என்ற ஊருக்குச் சூரிய மின்சாரத்தில் ஓடும் குடிநீர்த் திட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தவள். ஆறு குழாய், ஒரு மீட்டர். ஊரில் எத்தனை லிட்டர் பிடித்தாலும் அவள் கைப்பேசியில் தெரியும். ஐந்து வாரமாக ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை.

"நல்லது செஞ்சா இப்படித்தான் லா," என்றார் தலைவர் அண்ணாதுரை.

"பிரஷர் பத்தலையோ என்னமோ, சார்."

சங்கம் ஊருக்கு இன்னும் பெரிய மோட்டாரை அனுப்பியது. இரண்டே நாளில் பூமிக்கடியில் பைப் வெடித்தது. அதைச் சரிசெய்ய ஊரின் ஒரே ரோட்டைத் தோண்டினார்கள். வழக்கமாக வரும் தண்ணீர் லாரியும் நின்றது. பெண்கள் இரண்டு கிலோமீட்டர் குடத்தோடு நடந்தார்கள்.

மீட்டரில் பூஜ்யம்.

"பழக்கமில்லாத சனங்க. விழிப்புணர்வு வேணும்," என்றார் அண்ணாதுரை.

மதுரையிலிருந்து நால்வர் போய், ஏழு படிகளில் கை கழுவுவது எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். பெண்கள் வெறுங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்ற படத்துக்குச் சங்கத்தின் முகநூலில் எண்பத்திரண்டு லைக்.

அதைப் பார்த்ததும் ரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷ சனி, ஞாயிறெல்லாம் இதற்குத்தானே போனது! அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி பாப்பாத்தியை வீடியோவில் அழைத்தாள். இடுப்பில் குடமும் முகமெல்லாம் வியர்வையுமாக, நடுரோட்டில் நின்றபடி பாப்பாத்தி எடுத்தாள்.

"ஏன்க்கா, வாசல்ல குழாய் இருக்கு, சுத்தமான தண்ணி இருக்கு. அதை விட்டுட்டு ரெண்டு கிலோமீட்டர் நடக்குறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா? எங்க உழைப்புக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?"

"அப்படிக் கேளும்மா!" என்றார் அண்ணாதுரை, பின்னாலிருந்து.

பாப்பாத்தி குடத்தை இறக்கி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உங்க சங்கத் தலைவரு வந்து ரிப்பன் வெட்டுற வரைக்கும் யாரும் தண்ணி பிடிக்கக் கூடாதுன்னு, ஆறு குழாய்க்கும் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துட்டுப் போனது உங்க ஆளுங்கதானேம்மா... அவரு எப்பத்தாம்மா வருவாரு?"