ஆதிராவை ஆரதி ஆக்கிய கேக்

பேரன்புள்ள சினி அக்காவுக்கு, வெள்ளறடையிலிருந்து தங்கை விமலகுமாரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அஜீஷும் பசுவும் சௌக்கியம். ஓசூரில் நீயும் விஜயதாஸ் அத்தானும் எங்களைவிடக் கூடுதல் சௌக்கியமாக இருக்க ஜெபிக்கிறோம். மழை நன்றாகப் பெய்வதால் ரப்பர் வெட்டு நின்று, அஜீஷ் வீட்டிலேயே இருக்கிறார். அதற்கும் ஜெபித்துக்கொள்.

நிற்க. எழுதிக்கொள்வது என்று சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. நான் சொல்லச் சொல்ல ஃபோன் எழுதுகிறது. எழுதினதை அதுவே எனக்கு வாசித்தும் காட்டுகிறது. மேலே உள்ள அச்சடிச்ச தமிழைப் பேசினதுக்கே எனக்கு வாய் வலிச்சாச்சு, இனி நம்ம பேச்சுதான் கேட்டியா. அக்கா, முப்பத்தெட்டு வயசில எனக்க கோளாறுக்கு ஒரு பேரு கிட்டியிருக்கு. டிஸ்லெக்சியா! சோம்பேறி மடியில்ல, மந்தமில்ல, டிஸ்லெக்சியா ஆக்கும். பத்தாங்கிளாஸ்ல நான் மூணு தடவை தோத்தப்ப அப்பா மடின்னு சொன்னாரு, சாரு கவனமில்லன்னு சொன்னாரு, நீ மண்டூஸ்னு சொன்னா. நீ சொன்னதை நான் மறந்தாச்சு. பசுவை மாத்திக் கெட்டியாச்சா இல்லியாடீ. அக்கா, இப்ப வந்தது அஜீஷுக்க சத்தம், ஃபோனுக்கு ஆளு தெரியல்ல, அதை விட்டுத்தள்ளு.

நான் வீட்டில கேக்கு செய்து விக்கத் தொடங்கி அஞ்சு வருஷம் ஆச்சில்லியா. கேக்கு செய்யத் தெரியும், அதுக்க மேல பேரு எழுதத் தெரியாதுன்னு அஜீஷைத் தவிர ஒரு மனுஷருக்கும் தெரியாது. அவரு தாளில எழுதித் தருவாரு, நான் அதைப் பாத்து பூ வரையுதது மாதிரி கிரீமில வரைஞ்சிடுவேன். யாராவது வாசிக்கச் சொன்னா, மலையாளக்காரங்ககிட்ட நான் படிச்சது தமிழ்னு சொல்லுவேன், தமிழுகாரங்ககிட்ட மலையாளம்னு சொல்லுவேன். எல்லையில பெறந்ததுக்கு எனக்குக் கிட்டின ஒரே லாபம் அதுதான்.

போன வருஷம் மேடத்தில, அதான் சித்திரையில, தனுவச்சபுரத்துக்குப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆர்டர் வந்தது. மாப்பிள ஜித்தின், பொண்ணு ஆதிரா, மூணு தட்டு கேக்கு, பேரு ரெண்டும் மலையாளத்தில வேணும். அண்ணைக்குப் பாத்து அஜீஷ் காலத்தே திருவனந்தபுரத்துக்குப் போனாரு, எழுதித் தந்த தாளில பால் கொட்டிப் போச்சு. எனக்கு பதறி வெப்ராளம் வந்து, ஞாபகத்தில இருந்ததை வச்சு எழுதினேன். மலையாளத்தில ஆதிராவுக்கு மூணே எழுத்து. ஆ, தி, ர. நான் போட்டது ஆ, ர, தி. நல்ல வடிவா, சுத்தி ரோசாப்பூ எல்லாம் வச்சு, ஆரதி!

ஹாலில முந்நூறு பேரு இருக்கு. அஜீஷும் திரும்பி வந்து எனக்க கூட நிக்காரு. கேக்கை மூடியிருந்த துணியை நீக்கினதும் எல்லாரும் கை தட்டினாங்க, பொறவு ஒவ்வொருத்தரா தட்டுததை நிறுத்தினாங்க. பொண்ணுக்க மாமன் பொன்னப்பன், எதுக்கும் முன்னால நிக்கப்பட்ட மனுஷன், "ஆரதி யாருவே?"ன்னு கேட்டாரு. ஜித்தின் முழிச்சான். பக்கத்தில நின்ன அவனுக்க கூட்டுகாரன் லிபின் சும்மா இருந்திருக்கலாம். "எலே, ஆரதி உனக்க ஆபீசில உள்ளதில்லியா?"ன்னு கேட்டுப்போட்டான்! அக்கா, பொறவு அங்க நடந்த பெகளத்தை எப்பிடிச் சொல்ல. அந்த ஆரதி பேரப்பிள்ளைகள் உள்ள காஷியர் அம்மைன்னு ஜித்தின் தொண்டை கிழியச் சொல்லுதான், ஒருத்தரும் கேக்கல்ல. பொண்ணுக்க அப்பா மோதிரத்தை எடுத்துப் பாக்கெட்டில போட்டாச்சு. அஜீஷ் எனக்க கையைப் பிடிச்சு, "வா, பின்வாசல் வழியா போயிடுவோம்"ன்னு சொன்னாரு.

போயிருக்கலாம் அக்கா. பத்தடியில வாசல். ஆனா அந்தப் பிள்ள ஆதிரா அழாம, கேக்கையே பாத்துட்டு நிக்குது. எப்பிடி மேடையில ஏறினேன்னு இப்பமும் தெரியாது. "தப்பு எனக்கதாக்கும். எனக்கு எழுத வராது. வாசிக்கவும் வராது"ன்னு சொன்னேன். மைக் பக்கத்தில இருந்ததால ரோட்டில போன ஆட்டோக்காரனுக்கும் கேட்டிருக்கும்.

பொன்னப்பன் நம்பல்ல. "அஞ்சு வருஷமா கேக்கில பேரெழுதி விக்கப்பட்டவளுக்கு எழுத்து தெரியாதா? பையனைக் காப்பாத்தப் பாக்கா"ன்னு சொல்லி, நிச்சயதார்த்தக் கார்டை எனக்க கையில தந்து, "வாசி பாப்போம்"ன்னாரு. வாசிச்சேன். முதல் வார்த்தை வந்தது. ரெண்டாவது வார்த்தையில எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி இடம் மாறுது. மூணாவதைத் தாண்டி அடுத்த வரியில போய் நின்னேன். வேர்த்து வடியுது. பொன்னப்பனே "போதும் பிள்ள, போதும்"ன்னு கார்டை வாங்கிட்டாரு. அப்ப ஆதிரா பக்கத்தில வந்து, "அக்கா, கடைசி ரெண்டெழுத்தையும் மாத்திப் போட்டா நான் ஆயிடுவேனா?"ன்னு கேட்டுது. ஆயிடுவா மக்கான்னு சொன்னேன். "அப்ப மாத்துங்க, பசிக்குது"ன்னுது.

கிரீம் குழாய் பையில உண்டு. கத்தியால பழைய எழுத்தைச் சுரண்டினேன். அந்தப் பிள்ள ஒவ்வொரு எழுத்தா சொல்லத் தொடங்குச்சு, பின்னால லிபின், அவனுக்குப் பின்னால ஹாலே சேந்துபோச்சு. முந்நூறு பேரு ஒரே சத்தமா "ஆ! தி! ர!" உற்சவம் மாதிரி இருந்தது அக்கா. எழுதி முடிச்சதும் பொன்னப்பன் தான் முதல்ல விசில் அடிச்சாரு. மோதிரம் பாக்கெட்டில இருந்து வெளிய வந்தது.

நான் பின்னால போய் பாத்திரம் வைக்கப்பட்ட இடத்தில இருந்து அழுதேன். அப்ப பிரியாணிக் கையோட ஒரு அம்மா வந்தாங்க. சாராம்மா டீச்சர், நெய்யாற்றின்கரையில வாசிக்கக் கஷ்டப்படுத பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கப்பட்டவங்க. "புத்திக்கு ஒரு குறைச்சலும் இல்ல பிள்ள. எழுத்து உனக்க மூளைக்குப் போகப்பட்ட வழி வேற. புதனாழ்ச்ச வா"ன்னு சொன்னாங்க. பிள்ளைகளுக்குள்ளதில்லியான்னு கேட்டேன். "பிள்ளைகள் வளந்தா அது போயிடுமா?"ன்னாங்க. புதனாழ்ச்ச போனப்ப சோதிச்சுப் பாத்து, டிஸ்லெக்சியான்னு பேரையும் சொன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்பில வெளிய இருந்த அஜீஷ் பயந்து உள்ள வந்தாரு.

ஒரு வருஷமா போறேன் அக்கா. அட்டையில ஒரு வரி அகலத்துக்கு வெட்டி, அந்த வரியை மட்டும் பாத்து வாசிக்கேன். நிறம் நிறமா எழுத்தை வச்சுக் கூட்டுதேன். மெதுவாத்தான் வருது, ஆனா வருது. கேக்கு வாங்கப்பட்டவங்க பேரை ஃபோனில சொல்லியும் அனுப்பணும், எழுதியும் அனுப்பணும். ஒவ்வொரு எழுத்தா போட்டு, கடைசில ஃபோனை வாசிக்க வச்சு ஒத்துப் பாப்பேன். டீச்சர் எழுதிப் போட்டதால, உணவுப் பாதுகாப்புப் பரீட்சையில கேள்வியை வாசிச்சுக் காட்ட ஒரு ஆளும் கூடுதல் நேரமும் தந்தாங்க. பாசாயிட்டேன்! எனக்க ஜீவிதத்தில முதல் பாஸ்! அடுத்த மாசம் பாறசாலையில சின்னதா ஒரு கடை திறக்கப் போறேன். நேத்து போர்டு எழுத வந்தவரு கேக்குக்குப் பதிலா கோக்குன்னு எழுதினாரு. அஜீஷ் கொள்ளாம், நல்லாருக்குன்னாரு, அங்கயும் முன்னால வந்து நின்ன பொன்னப்பன் அண்ணனும் கொள்ளாம்னாரு. கண்டுபிடிச்சது நானாக்கும்!

இனி உனக்கிட்ட மன்னிப்பு கேக்க ஒரு காரியம் உண்டு. நீ வாட்ஸாப்பில நீள நீளமா அனுப்பினது ஒண்ணையும் நான் வாசிச்சதில்ல. ஹார்ட்டும் பூவும் கட்டை விரலும் போட்டு விட்டுட்டேன். உனக்க பாசத்தை மதிக்காத பாவி நான். இன்னைக்கு எல்லாத்தையும் ஃபோனை வச்சு வாசிக்கப் போறேன். இனி நீ எழுதுத ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனசிலாகும், ஒண்ணுக்கும் பதில் இல்லாம இருக்காது, இது சத்தியம்.

அத்தானுக்கு எங்கள் அன்பின் ஸ்தோத்திரம். உங்கள் போக்கையும் வரவையும் கர்த்தர் காத்து, குறைவில்லாமல் நடத்துவாராக.

இப்படிக்கு,
இனி எழுதவும் வாசிக்கவும் போகிற உன் தங்கை,
விமலகுமாரி

பி.கு.: அக்கா, வாசிச்சாச்சு. அத்தான் வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் எங்க மாடியில தங்கி காளான் வளக்கட்டான்னு நீ மூணு மாசத்துக்கு முன்ன கேட்டிருக்கா. நான் நாலு ஹார்ட்டும் ஒரு டான்ஸ் ஆடுத பொண்ணும் போட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை காலத்தே லாரியோட வாறாருன்னு நேத்து வந்த மெசேஜில இருக்கு. அஜீஷ் மாடிப்படியில இருந்துட்டு எழும்ப மாட்டேங்காரு. ஆகையால் மேலே சொன்ன மன்னிப்பும் சத்தியமும் வாபஸ். எனக்கு இன்னும் ஒரு எழுத்தும் வாசிக்க வராதுன்னே வச்சுக்கோ.